கருப்பட்டித் தராசில் அக்கா

என் அக்காளை அவள் புகுந்த வீட்டு முற்றத்தில் கருப்பட்டி நிறுக்கும் தராசில் ஏற்றி நிறுத்தார்கள். நாகர்கோவில் பஸ்ஸைவிட்டு இறங்கி, கையில் பெட்டியோடு நான் அந்த வாசலுக்குள் நுழைந்தபோது அதுதான் நடந்துகொண்டிருந்தது.

அஞ்சுகிராமத்தில் அவர்களுக்குக் கருப்பட்டி மொத்த வியாபாரம். ஆடி மாதம். பனையேறிகள் கொண்டுவந்து இறக்கிய கருப்பட்டிச் சிப்பங்கள் முற்றம் நிறைய அடுக்கியிருந்தன. உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கிய பெரிய தராசின் ஒரு தட்டில் எடைக் கற்கள். இன்னொரு தட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, முகத்தைப் புதைத்துக்கொண்டு என் அக்கா. சுமை தூக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள். அவளுடைய கொழுந்தன் கல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

"மைனி, அனங்காம இருங்க. இன்னும் ஒரு கல்லு கேக்கு. இந்த வருசம் நம்ம சரக்குல நீங்கதான் கனம்."

"எத்தன துலாம்னு சொல்லுங்க மொதலாளி, ஏத்தி விட்டிருவோம்" என்றான் சுமை தூக்குகிறவன் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

அக்காளின் மாமியார் நடையில் நின்றபடி மகனை அதட்டினார். "சிரிக்கவாலே நிறுக்கச் சொன்னேன்? வைத்தியரு கேட்டாரு. இப்பம் எவ்வளவு, மருந்து குடிச்ச பொறவு எவ்வளவுன்னு." பிறகு என்னைப் பார்த்துவிட்டார். "வந்தியா மக்கா? நல்ல நேரத்துலதான் வந்திருக்க. நர்சுக்குப் படிச்சவல்லா நீ. ஒங்க அக்காள ஒரு வழிக்குக் கொண்டா."

நான் பெட்டியைக் கீழே வைத்தேன். அக்காளின் கையைப் பிடித்துத் தட்டிலிருந்து இறக்கினேன். மறுதட்டு தரையில் மோதி எழுப்பிய ஓசை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அன்றே மாமியார் விஷயத்தைச் சொன்னார். ஒளிக்கவில்லை. தைக்குள் உடம்பு குறைய வேண்டும். குறைந்தால்தான் பிள்ளை தங்கும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். குறையாவிட்டால் அக்காளை ஆரல்வாய்மொழியில் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு அத்தானுக்கு வேறு பெண் பார்ப்பார்கள்.

என் அக்கா எப்படிப் பருத்தாள் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் கோபம் என் கைக்குள் நிற்கிறது.

முதலாவது, அவள் பெரியவளானபோது கொடுத்த உளுந்தங்களி. நல்லெண்ணெய் ஊற்றி, கருப்பட்டிப் பாகு சேர்த்து, போதும் என்ற பிறகும் ஓர் உருண்டை. இரண்டாவது, கல்யாணம் நிச்சயமானதும் எங்கள் அம்மா. அப்போது அக்கா ஒல்லி. பெண் பார்க்க வந்த இதே மாமியார் "பிள்ள வேலிக் கம்பு மாதிரில்லா இருக்கா" என்று சொன்னதாக அம்மாவின் காதுக்கு வந்தது. நம் வீட்டில் சோறில்லை என்று நினைத்துவிடுவார்களே என்று அம்மா பொழுதுக்கும் ஊட்டினாள். அக்கா வாந்தி எடுத்த நாளும் உண்டு. மூன்றாவது, ஒரு பேறுகாலம். கல்யாணமான மறுவருஷம் அவளுக்குக் குழந்தை பிறந்து, அன்று சாயங்காலமே இறந்தது. குழந்தை இல்லை. ஆனால் பேறுகாலப் பண்டுவம் நிற்கவில்லை. பால் ஊறுவதற்காகப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் லேகியமும் நெய்யும் பூண்டுச் சோறும் அவளுக்கு நேரம் தவறாமல் வந்தன. அடுத்த பிள்ளைக்கு உடம்பு தேறட்டும் என்றார்கள். அழுதால் "அழாத மக்கா, இதத் தின்னு" என்று வாயில் வைத்தார்கள். ஒருவரும் குழந்தையைப் பற்றிப் பேசவில்லை. பேச வேண்டிய இடத்திலெல்லாம் தின்னக் கொடுத்தார்கள்.

இதற்குப் பிறகு அவளைப் பார்த்து "வாயக் கட்டு" என்கிறார்கள். வைத்தியர் சொன்னார். எங்கள் அம்மா சொன்னாள். போன வருஷம் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு அவளை அழைத்துப்போனபோது, இங்கிலீஷ் வைத்தியம் படித்த டாக்டரும் நாடியைப் பிடித்துக்கொண்டே அதைத்தான் சொன்னார். என்ன தின்கிறாய், எப்போது தின்கிறாய், யாரோடு உட்கார்ந்து தின்கிறாய் என்று மூவரில் ஒருவரும் கேட்கவில்லை. காய்ச்சல்காரனிடம்கூட எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்கிறோம்.

நான் ஒரு வாரம் லீவில் இருந்தேன். வார்டில் நோயாளியைக் கவனிப்பதுபோல அந்த வீட்டைக் கவனித்தேன்.

காலையில் அக்காளுக்கு வெந்நீரில் தேன். பத்து மணிக்குக் கொள்ளுக் கஞ்சி. இது எல்லாரும் பார்க்க நடக்கும். மாமியார் கிண்ணத்தை நீட்டும்போது யாராவது வந்திருந்தால், "இவளுக்கு இப்பம் இதுதான். சோத்துப் பக்கம் விடுறதில்ல" என்பார். வந்தவர்கள் அக்காளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பின்ன எப்படி இந்த உடம்பு?" என்று சிரிப்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் மத்தியானம் அடுக்களையில் இருந்தது.

அத்தான் சாப்பிட்டு எழுந்தால் அவருடைய இலையில் பாதிச் சோறு மிச்சம் இருக்கும். தற்செயலாக அல்ல, அதுதான் முறை. புருஷன் சாப்பிட்ட இலையில் பெண்டாட்டி சாப்பிட வேண்டும். அவர் வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தால் பெண்டாட்டியை நினைக்காதவர் என்று அர்த்தம். அத்தான் நல்லவர், ஆகையால் நிறையவே மிச்சம் வைப்பார். மீன் துண்டும் இருக்கும். கொழுந்தனின் பிள்ளைகள் பாதியில் விட்டுவிட்டு ஓடிய தட்டுகளும் அங்கேதான் வரும். மாவட்ட எல்லையில் சோதனைச் சாவடி வைத்துத் திருநெல்வேலி அரிசியைத் தடுத்த காலம். ரேஷன் கடையில் கொடுத்தது கால் வயிற்றுக்குக் காணாமல் ஊரே மரச்சீனிக் கிழங்கைத் தின்றது. அரிசிச் சோற்றை எறிந்தால் குடும்பம் விளங்காது என்பார் மாமியார். அவரே பிள்ளைகளின் தட்டை அக்காளிடம் நகர்த்திவைப்பார். "இத ஒதுக்கிருட்டி" என்பார். 'தின்னு' என்று சொல்லமாட்டார். அந்த வீட்டின் கணக்கில் அது தின்பதே இல்லை. தனக்கென்று இலை போட்டு உட்கார்ந்தால்தான் சாப்பாடு. குனிந்து நின்று மிச்சத்தை வாயில் போட்டு ஒதுக்குவது பாத்திரம் கழுவுவதைப் போன்ற ஒரு வேலை.

கொள்ளுக் கஞ்சியை அளந்து கொடுத்தவருக்கு இது கண்ணில் படவேயில்லை. அக்காளுக்கும்தான். "நான் சோறே திங்கதில்லட்டி" என்று என்னிடம் சத்தியம் செய்தாள். பொய் சொல்லவில்லை.

மிச்சச் சோறு நான்காவது என்றால், ஐந்தாவதும் ஒன்று உண்டு. எல்லாரும் படுத்து உறங்கும் பிற்பகலில் அவள் சரக்கு அறைக்குப் போவாள். அங்கே உடைந்த கருப்பட்டித் துண்டுகள் ஒரு சாக்கில் கிடக்கும். மூன்றாம் நாள் நான் பின்னாலேயே போனேன். கதவுக்குப் பின்னால், சிப்பங்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, ஒரு துண்டைக் கன்னத்தில் அடக்கியிருந்தாள். என்னைக் கண்டதும் விழுங்கப் பார்த்துப் புரையேறியது. முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

"பசிக்கா?"

"பசியா? அது எப்படி இருக்கும்னே மறந்துபோச்சுட்டி."

"பின்ன எதுக்கு?"

முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். "மத்த நேரமெல்லாம் நான் திங்கத ஆராவது பாத்துக்கிட்டேல்லா இருக்காவ. இங்க ஒருத்தரும் இல்ல. இத வாயில போட்டா கொஞ்ச நேரம் ஒண்ணும் நெனைக்காண்டாம்." கையிலிருந்த மீதித் துண்டைப் பார்த்தாள். "தின்னு முடிச்ச ஒடனே நெனப்பு வந்திருது. ஒடனே வெக்கமா இருக்கு. வெக்கமா இருந்தா இன்னொரு துண்டு."

இதைவிடத் தெளிவாக இந்த நோயை எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. எங்கள் பாடத்தில் இன்ன பண்டத்தில் இன்ன சத்து என்று அட்டவணை இருந்தது. வெட்கம் எந்தப் பத்தியிலும் இல்லை.

அன்று சாயங்காலம் அத்தானிடம் பேசினேன். "அத்தான், நாளையிலேருந்து இலையில ஒண்ணும் மிச்சம் வைக்காதிய. வேண்டியத மட்டும் வாங்கித் தின்னுங்க."

அவர் என்னைக் கிறுக்கியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "ஒங்க அக்காளுக்கு வேண்டாமா பின்ன?"

"அவ இலை போட்டுத் தின்னட்டு."

"அம்ம என்ன நெனைப்பா கொழுந்தி? பெண்டாட்டிக்கு ஒரு வாய் வைக்காம வழிச்சுத் தின்னான்னு ஊரெல்லாம் சொல்லுவா." சிரித்துக்கொண்டார். "நீ ஆஸ்பத்திரியில மருந்து குடு. இது வீடு."

மறுநாள் மத்தியானம் வழக்கம்போலப் பாதிச் சோற்றை விட்டுவிட்டு எழுந்தார். அவர் கை கழுவப் போவதற்குள் நான் குனிந்து, சோறும் மீனுமாக அந்த இலையை மூடிச் சுருட்டித் தொழுவத்துக்குக் கொண்டுபோய்ப் பசுவுக்கு முன்னால் போட்டேன். மீனை மட்டும் கோழிக்கு எறிந்தேன்.

மாமியார் போட்ட சத்தத்தில் முற்றத்தில் எடை போடுவது நின்றது. "அரிசிக்கு மக்க அலையுத காலத்துல, சோத்தத் தூக்கி மாட்டுக்குப் போடுதியே, நீ வெளங்குவியாட்டி? படிச்ச திமிரு!"

"மாடு தின்னா தப்பு. எங்க அக்கா தின்னா தப்பில்ல. மாட்டக் கொண்டு தராசுல ஏத்தமாட்டிய, அதனாலயா அத்தே?"

அதை நான் கத்திச் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். கொழுந்தன், "மைனிய நாளைக்கு மறுக்க நிறுப்போம். இந்த நர்சம்மா வந்து எவ்வளவு கொறச்சிருக்கான்னு பாப்போம்" என்றான். அப்போதுதான் அக்கா அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். நேராகத் தராசுக்குப் போய், தான் உட்கார்ந்திருந்த தட்டைக் கையால் ஒருமுறை ஆட்டிவிட்டாள்.

"நாளைக்கு நான் இங்க இருக்கமாட்டேன். நிறுக்கணும்னா நீ ஏறிக்கோ" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. தைக்குக் காத்திருக்காமல் ஆடியிலேயே அவள் என்னோடு பஸ் ஏறினாள்.

நாகர்கோவிலில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நானும் இன்னொரு நர்சும் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் மூன்று பேரானோம். அங்கே இரண்டே விதிகள்தான் வைத்தேன். யாரும் யாருக்கும் பிந்திச் சாப்பிடக் கூடாது. யாருடைய மிச்சத்தையும் யாரும் ஒதுக்கக் கூடாது. முதலில் அக்காளால் உட்காரவே முடியவில்லை. தட்டின் முன்னால் இருந்தாலும் ஒரு காலைக் குத்தவைத்தபடியே இருப்பாள், யாராவது கூப்பிட்டால் எழுந்து ஓடுவதற்கு. கொஞ்சமாகப் போட்டுக்கொள்வாள், நாங்கள் டியூட்டிக்குப் போனபின் பானையில் கைவைப்பாள். எனக்குத் தெரியும். நான் பானையைப் பார்க்கவில்லை. கொழுந்தன் பெண்டாட்டி மறுபடி பிள்ளை பெற்ற சேதி வந்த அன்று, அடுப்பில் இருந்த கிழங்கு முழுவதையும் தின்றுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய குழந்தை எப்படி இருந்தது என்று கேட்டேன். அதுவரை யாரும் கேட்டதில்லை. முடி நிறைய இருந்ததாம். சொல்லிவிட்டு அழுதாள். வாயில் வைக்க நான் ஒன்றும் கொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி எடை இயந்திரத்தில் ஒருமுறை நிற்கச் சொன்னேன். "இனிமே நான் ஒரு தராசுலயும் ஏறமாட்டேன்" என்றாள். ஆகவே எத்தனை ராத்தல் குறைந்தாள் என்பது எனக்குத் தெரியாது. ரவிக்கைகளைப் பிடித்துத் தைத்தாள், அது தெரியும். மணிக்கூண்டு வரை நடந்து போய்த் திரும்பும்போது மூச்சு வாங்கவில்லை, அதுவும் தெரியும். ஒருநாள் சமைத்துக்கொண்டிருந்தவள் திரும்பி, "ஏட்டி, எனக்குப் பசிக்கு" என்றாள், கீழே விழுந்த எதையோ கண்டெடுத்தவள்போல.

மார்கழிக் கடைசியில் அத்தான் வந்தார். தை பிறக்குமுன் அழைத்துப்போக வந்திருந்தார். தோளில் ஒரு கருப்பட்டிச் சிப்பம். "வெறுங்கையோட எப்படி வாறது?" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அக்கா இலை போட்டாள். நாங்கள் ஏற்கெனவே சாப்பிட்டிருந்தோம். அவர் சாப்பிட்டார். பாதிச் சோற்றை ஒதுக்கி, அதன் மேல் மீன் துண்டை எடுத்துவைத்துவிட்டு எழுந்தார்.

"இருந்து தின்னு முடிங்க" என்றாள் அக்கா.

"எந்திரிச்சாச்சுல்லா."

இலையைவிட்டு எழுந்தவர்கள் திரும்ப உட்காருவதில்லை. அதுவும் முறைதான்.

"நான் தின்னாச்சு. அது ஒங்க சோறு."

எச்சில் கையோடு நடுவீட்டில் நின்றார். என்னைப் பார்த்தார், நான் ஏதோ சொல்லிக்கொடுத்தவள் என்பதுபோல. பிறகு மெல்ல உட்கார்ந்தார். குனிந்த தலை நிமிராமல், ஒரு பருக்கைகூட விடாமல் தின்று முடித்தார். அவருக்கு அது கஷ்டமாக இருந்தது. வயிறு நிறைந்த பிறகு தின்பது எல்லாருக்கும் கஷ்டம்தான். என் அக்கா அதை வருஷக்கணக்கில் செய்தாள்.

கை கழுவிவிட்டு வந்து, "கெளம்புதியா?" என்றார்.

"அத்தைக்கு முன்னால வச்சும் இப்படித் திம்பியளா?"

அவர் இலையைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பதில் சொல்லவில்லை. சாயங்கால பஸ்ஸில் தனியாகப் போனார். பதில் கிடைத்தால் போவதாக அக்கா சொன்னாள். அந்தத் தை போனது. பதில் வரவில்லை. அவளும் போகவில்லை. நல்ல மனுஷன் என்று இன்றும் எல்லாரும் அவரைச் சொல்கிறார்கள். சொல்லட்டும். ஒரு கேள்விக்கு வாய் திறக்காத நல்லவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று அவர் பஸ் ஏறிப் போனபின் அக்கா சிப்பத்தைப் பிரித்தாள். ஒரு கருப்பட்டியைத் தரையில் தட்டி உடைத்து எனக்கொரு துண்டும், டியூட்டி முடிந்து வந்த மற்ற நர்சுக்கு ஒரு துண்டும் கொடுத்தாள். ஒரு துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மிச்சத்தைக் கட்டி உறியில் வைத்துவிட்டு, தெருக்கதவை விரியத் திறந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். தெருவில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க, அவசரமில்லாமல் அதைச் சப்பித் தின்றாள்.