குடிப்பது சாப்பாட்டில் சேராது

பணியிடப் பாதுகாப்பு அதிகாரியாக இருப்பவன் வழுக்கி விழக் கூடாது. அப்படியே விழுந்தாலும் சிங்கப்பூர் தேக்கா ஈரச்சந்தையில், தரை ஈரமாக இருக்கிறது என்று நான்கு மொழிகளில் எழுதிய மஞ்சள் பலகைக்குப் பக்கத்திலேயே விழக் கூடாது. நான் அங்கேதான் விழுந்தேன். கையில் இருந்த வஞ்சிர மீனைக் கீழே விட மனம் வராமல் கையை ஊன்றவில்லை. முகவாய் நேராக மீன்கடை மேடையின் விளிம்பில் போய் இடித்தது. மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தாடை உடைந்துவிட்டது. அறுவைச் சிகிச்சை முடிந்து கண் விழித்தபோது மேல் பல்வரிசையையும் கீழ்ப் பல்வரிசையையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். என் மகள் வயதுள்ள சீனப் பெண் மருத்துவர் வந்து நிதானமாக விளக்கினார். ஆறு வாரம் எதையும் மெல்லக் கூடாது, வடிகட்டியில் இறங்காத எதுவும் வாய்க்குள் போகக் கூடாது என்றார். என் மனைவி பேச்சைப் பற்றிக் கேட்டாள். அதிகம் பேசாமல் இருப்பது நல்லது என்று பதில் வந்ததும், அவள் மருத்துவரின் இரண்டு கைகளையும் பிடித்து நன்றி சொன்னாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. அதைச் சொல்லவும் வழியில்லை.

நான் சாப்பாட்டு ராமன். எங்கள் மார்சிலிங் வட்டாரத்தில் எந்தக் கடையில் எந்தக் கிழமை என்ன நன்றாக இருக்கும் என்று என்னைக் கேட்டுத்தான் போவார்கள். வேகமாகவும் சாப்பிடுவேன். வீட்டில் முதலில் முடித்து எழுந்து கை கழுவிவிட்டு, மற்றவர்களைப் பார்த்து "இன்னுமா" என்று கேட்பவன் நான்தான். அப்படிப்பட்டவனுக்கு ஊசி இல்லாத ஒரு பெரிய சிரிஞ்சையும் அதன் முனையில் மாட்ட ஒரு ரப்பர் குழாயையும் கொடுத்து அனுப்பினார்கள். கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் குழாயைச் செருகி அழுத்தினால், கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இருக்கிற சந்து வழியாக உள்ளே இறங்கும். ஒரு டம்ளர் கஞ்சி உள்ளே போவதற்குள் தொலைக்காட்சியில் ஒரு நாடகம் முடிந்து அடுத்தது தொடங்கிவிடும்.

வீட்டில் பிளெண்டர் ஓயவில்லை. மனைவி இட்லியையும் சாம்பாரையும் சேர்த்து அரைத்தாள். அது டம்ளரில் சிமெண்டுபோல நின்றது. மகள், தேங்காய்ப்பால் சோறும் நெத்திலியுமான நாசி லெமாக்கை முயன்று பார்த்தாள். நெத்திலிக் கண்கள் மட்டும் வடிகட்டியில் தங்கி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. பிராட்டா என்கிற பரோட்டாவை அரைக்கப் போய் பிளெண்டர் புகைந்து நின்றது. கடைசியில் பார்லித் தண்ணீர், வடித்த கஞ்சி, மைலோ என்று என் வாழ்க்கை சுருங்கிவிட்டது. வீட்டுக்குத் தெரியாமல் தேக்காவுக்குப் போய், பிரியாணிக் கடைக்கு எதிர் மேசையில் ஒரு கரும்புச் சாற்றை வைத்துக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, "ஏன் ணே, ஆஸ்துமாவா?" என்று கேட்டார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

பேசுவதற்கு மகள் கைபேசியில் ஒரு செயலி போட்டுக் கொடுத்தாள். எழுதியதை ஒரு பெண் குரல் படித்துச் சொல்லும். அந்தப் பெண்ணுக்குச் சுத்தமான உச்சரிப்பு. கோபம் என்பதே கிடையாது. "அந்த டிவி சத்தத்தைக் குறைத்துத் தொலையுங்கள்" என்று நான் ஆத்திரத்தோடு அடித்தால், ரயில் வருகிறது, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள் என்கிற தொனியில் வாசிப்பாள். யாரும் குறைக்கவில்லை.

இந்த லட்சணத்தில்தான் மாப்பிள்ளை வீட்டு விருந்து வந்து சேர்ந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணைக் கொடுப்பது என்று முடிவாகும்வரை பெண் வீட்டார் அங்கே கை நனைக்க மாட்டார்கள். தேநீர் குடிக்கலாம், தப்பில்லை. இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். முடித்து இலையைத் தன் பக்கமாக மடித்தால் உறவு நிலைக்கட்டும் என்று அர்த்தம். மகள் விரும்பிய பையனின் வீடு ஃபேரர் பார்க்கில் இருந்தது. நான் இரண்டு முறை போய், இரண்டு முறையும் தேநீரோடு எழுந்து வந்திருந்தேன்.

பையனிடம் குறை சொல்ல எதுவும் இல்லை. நல்ல வேலை, நல்ல பழக்கம். அவன் சாப்பிடுகிற விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. முதல் சந்திப்பு ஃபேரர் பார்க்கில் ஒரு வாழையிலைக் கடையில், மகளும் கூட இருக்க, நடந்தது. பிரியாணி வந்ததும் அவன் ஏலக்காய், பட்டை, கிராம்பு என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி இலை ஓரத்தில் வரிசையாக அடுக்கினான். பிறகு நாலு பருக்கை எடுத்து வாயில் போட்டு, ஏதோ யோசித்து, மறுபடி நாலு பருக்கை எடுத்தான். நான் முடித்து, கை கழுவி, தேநீரும் குடித்துவிட்டு வந்து பார்த்தால் அவன் இலையில் பாதிச் சோறு ஆறிக் கிடந்தது. சூடான பிரியாணியை ஆறவிடுகிறவனை நம்பி எப்படிப் பெண்ணைக் கொடுப்பது? மனைவியிடம் இதைச் சொன்னபோது அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு துணி காயப்போடப் போய்விட்டாள். ஒரே பெண் வீட்டைவிட்டுப் போகப் போகிறாள் என்கிற பயம் அதற்கு அடியில் இருந்தது என்பது எனக்கே தெரியும். ஆனால் ஏலக்காயும் உண்மையான காரணம்தான்.

விருந்து நாளன்று காலை மகள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, கல்யாணம் முடிவானதும் கவர்மெண்ட் வீட்டுக்கு அப்ளை பண்றதுக்கு நாங்க ரெண்டு பேரும் வெயிட் பண்ணிட்டு இருக்கோம். இந்தத் தடவையும் வெறும் தே குடிச்சிட்டு வந்தீங்கன்னா, இனிமே நான் உங்கள கேக்கவே மாட்டேன். சண்டை போடவும் மாட்டேன். அவ்ளோதான்."

சண்டை போடுவேன் என்று சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். என் கட்டுப்போட்ட வாயைச் சுட்டிக் காட்டினேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

உண்மையில் அந்தக் கம்பி எனக்கு வசதியாகப் போயிருந்தது. பாதுகாப்பு விதிமுறைகளோடு வாழ்கிறவன் நான். எந்த விதியிலும் ஓர் இடைவெளி இருக்கும் என்று தெரியும். குடிப்பது சாப்பாட்டில் சேராது. ஆகவே ஆறு வாரத்துக்கு நான் யார் வீட்டிலும் கை நனைக்க முடியாது. முடிவையும் தள்ளிப்போடலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. எதற்கும் இருக்கட்டும் என்று ஃபிளாஸ்க்கில் பார்லித் தண்ணீர் நிரப்பிக்கொண்டு கிளம்பினேன்.

அவர்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, எதிரெதிராக இரண்டு வரிசை இலை போட்டிருந்தார்கள். பையனுடைய அப்பாவின் அக்கா, அந்தக் குடும்பத்தின் பெரிய அத்தை, இதற்காகவே மலேசியாவின் ஜொகூரிலிருந்து பாலம் தாண்டி வந்திருந்தார். முறை தவறாமல் எல்லாம் நடக்கிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். என் இலையைப் பார்த்தேன். சோறு வைக்கிற இடத்தில் ஒரு பெரிய எவர்சில்வர் டம்ளர். கூட்டும் பொரியலும் வைக்கிற இடத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன டம்ளர்கள். ஓரத்தில் முறைப்படி ஒரு சிட்டிகை உப்பு. மனைவி மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தாள். யார் துப்புக் கொடுத்தது என்று புரிந்தது.

"எல்லாத்தையும் மூணு தடவ வடிகட்டியாச்சு ணே," என்றார் பையனின் அம்மா. "அது பருப்பு, இது முருங்கைக்கா, இது பாயசம். நடுவுல இருக்கறது பிரியாணி. அத மட்டும் தம்பிதான் பண்ணுச்சு. ஏலக்கா, கிராம்பு எல்லாத்தையும் ஒண்ணொண்ணா பொறுக்கி எடுத்துட்டுத்தான் அரைச்சுச்சு. இல்லன்னா உங்க குழாய்ல அடைச்சுக்கும்லா."

என் ஏலக்காய்க் காரணம் அந்த இடத்திலேயே ஆட்டம் கண்டது. ஆனாலும் நான் சுலபமாக விடுகிற ஆள் இல்லை. கைபேசியை எடுத்து அடித்தேன். அந்தப் பெண் குரல் அறிவித்தது: "மன்னிக்கவும். நான் எனது சொந்த பார்லித் தண்ணீரைக் கொண்டு வந்துள்ளேன்."

பையனின் அம்மா முகம் விழுந்துவிட்டது. எதிர் வரிசையில் பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் இலையைப் பார்த்தபடி இருந்தாள். நிமிரவில்லை.

"பார்லிய வீட்டுக்குப் போய் குடிங்க சம்பந்தி," என்றார் பெரிய அத்தை.

நான் மறுபடி அடித்தேன். "குடிப்பது சாப்பாட்டில் சேருமா?" என்று அந்தப் பெண் பணிவோடு கேட்டாள்.

"இலையில வச்சா எல்லாம் சாப்பாடுதான். மொதல்ல அந்தப் பொண்ண பேசாம இருக்கச் சொல்லுங்க."

இடைவெளி அடைபட்டுவிட்டது. வேறு வாதம் யோசிப்பதற்குள் பெரிய டம்ளரிலிருந்து வாசனை எழுந்தது. நெய், புதினா, வெந்த ஆட்டுக்கறி. பார்ப்பதற்கு அது துணி துவைத்த தண்ணீர் நிறத்தில் இருந்தது. ருசி மட்டும் பார்க்கலாம் என்று சிரிஞ்சை எடுத்து உறிஞ்சி, குழாயைச் செருகி, அழுத்தினேன். இரண்டு வரிசையும் கையை இலைமேல் நிறுத்திவிட்டு என் கன்னத்தையே பார்த்தது. வாயெல்லாம் பிரியாணி. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு டம்ளர் சாப்பாட்டுக்காக ஒரு மனிதன் சம்பந்தி வீட்டில் அழலாமா என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை.

"காரமோ?" என்றார் பையனின் அப்பா. தலையை ஆட்டி மறுத்துவிட்டு அடுத்த சிரிஞ்சை நிரப்பினேன்.

பந்தியில் எல்லாரும் முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பது பெரிய அத்தையின் சட்டம். நானோ சொட்டுச் சொட்டாக உள்ளே விட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவராக முடித்தார்கள். கைகள் காய்ந்தன. என் மனைவி கொட்டாவியை அடக்கினாள். கடைசியில் அத்தையின் முழங்கால் சட்டத்தை மீறியது. அவர் எழுந்ததும் மற்றவர்களும் மெதுவாக நழுவினார்கள்.

நிமிர்ந்தபோது எதிரில் பையன் இருந்தான். இலையில் கொஞ்சம் சோறு. நான் சிரிஞ்சை அழுத்தினால் நாலு பருக்கை எடுத்து வாயில் போட்டான். நான் நிறுத்தினால் நிறுத்தினான். சந்தேகம் வந்து, வேண்டுமென்றே அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தினேன். அவன் அவசரமாக இரண்டு வாய் அள்ளிப் போட்டுப் புரையேறி இருமினான். மறுபடி நான் நிதானமானதும் அவனும் நிதானமானான்.

அப்போதுதான் அவன் பக்கத்து இலையைப் பார்த்தேன். என் மகளும் முடித்திருக்கவில்லை. தலையைக் குனிந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் மெதுவாகச் சாப்பிடுபவள் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. எப்படித் தெரியும்? அவள் சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து நான் முதலில் எழுந்து "இன்னுமா" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறேன். அன்று அந்த வாழையிலைக் கடையில் அவள் இலையில் எவ்வளவு சோறு மிச்சமிருந்தது என்று நான் பார்க்கவில்லை. இவன் பார்த்திருக்கிறான். அவளைத் தனியாகச் சாப்பிட விடாமல் தன் பிரியாணியை ஆறவிட்டிருக்கிறான்.

 கைபேசியை எடுத்து அடித்தேன்.

"இன்னும் கொஞ்சம் பிரியாணி கிடைக்குமா?" என்று அந்தப் பெண் வீடு முழுக்கக் கேட்கும்படி வாசித்தாள்.

அடுப்படியில் ஒரு பாத்திரம் விழுந்தது. பையனின் அம்மா டம்ளரோடு ஓடிவந்தார். மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அப்பா, ரெண்டாவது தடவ கேக்கறீங்க."

தலையாட்டினேன்.

"அப்ப ஓகேயாப்பா?"

மறுபடி தலையாட்டினேன். அவள் எச்சில் கையோடு அழுதுகொண்டே சாப்பிட்டாள். பையன் தன் இலையில் மிச்சமிருந்த சோற்றை இரண்டாகப் பிரித்து இன்னும் கொஞ்சநேரத்துக்கு வருமாறு ஒதுக்கி வைத்துக்கொண்டான்.

என் டம்ளர் காலியான பிறகும் மகளின் இலையில் கொஞ்சம் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. அவள் கடைசி வாயை எடுத்து முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தேன். இலையில் ஈர வட்டங்களும் அந்த உப்பும்தான் இருந்தன.

"அதுல ஒண்ணுமே இல்லையேப்பா, எதுக்கு மடிக்கறீங்க?" என்றாள் மகள்.

என் பக்கமாக மடித்தேன்.