மூன்றாவது கூப்பாடு

இந்த நாட்டு மூடுபனிக்கு மணமில்லை. வந்த முதல் கார்த்திகையிலேயே அதைக் கவனித்தேன். இது இரண்டாவது வருடம், இன்னும் பழகவில்லை. விடிந்ததும் வேனிலிருந்து இறங்கினால் ருமேனியாவின் இந்தச் சமவெளி முழுவதும் வெள்ளையாக நிற்கும். மலை கிடையாது, பள்ளம் கிடையாது, பனி ஏறி வர ஒரு சரிவுகூடக் கிடையாது. நிலத்திலேயே படுத்துக் கிடந்து எழுந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். இலங்கையில், நம் அப்புத்தளைத் தேயிலைத் தோட்டத்துப் பனி வேறு மாதிரி. முற்பகலில், கொழுந்து நிறுத்து முடிகிற நேரத்தில், கீழே ஹல்துமுல்லைப் பக்கத்துப் பள்ளத்திலிருந்து ஆள் நடந்து வருவதுபோல ஏறி வரும். வரும்போதே விறகுப் புகையையும் ஈரச் சாக்கின் நெடியையும் ஃபெக்டரியில் வாடும் கொழுந்தின் வாசத்தையும் கூட்டிக்கொண்டு வரும். கண்ணைக் கட்டிவிட்டாலும் எங்கே நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம். இங்கே கண்ணைத் திறந்து வைத்திருந்தும் சொல்ல முடியாது. குனிந்து லீக்ஸ் பிடுங்குகிறேன். கையில் மட்டும் மணம். கையை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனால், லீக்ஸ் விளைகிற எங்கள் பக்கத்து வெலிமடை. எடுத்துவிட்டால் ஒன்றுமில்லை.

பதினேழு வயதில் கொழும்புக்குப் போனேன், ஒரு துணிக்கடைக்கு. பிறகு கட்டார், வெயிலில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலை. இடையிடையே தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பி, இரண்டு மாதம் இருந்து, மறுபடியும் பையைக் கட்டுவேன். நாற்பத்தைந்து வயதில் ருமேனியா. எங்கே போனால் நல்ல வேலை, எங்கே போனால் கையில் கொஞ்சம் மிஞ்சும் என்ற கேள்வியை எங்களைப் போன்றவர்கள் வாழ்நாள் முழுவதும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிகிறோம். சட்டையைத் துவைக்கும்போது அதை மட்டும் எடுத்து வைத்துவிட்டுத் துவைக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே விடுதிக் குசினியில் அதுதான் பேச்சு. என்னோடு அறையில் இருக்கும் நிமல், பண்டாரவளைக்காரன், சிங்களவன், பருப்பைக் கிளறிக்கொண்டே சொல்வான்: "இத்தாலி நல்லது யோகா அண்ணே. அங்க குளிர் கொறைய. கூலி கூட. போறதுதான் கஷ்டம்." எங்கள் விடுதியிலிருந்து போன மாதம்தான் இரண்டு பேர் சொல்லாமல் எல்லை தாண்டி ஓடியிருந்தார்கள். அவர்களுடைய கட்டில்களில் இன்னும் யாரும் படுக்கவில்லை.

ஆனால் இந்த முறை அந்தக் கேள்வி என்னுடையதல்ல, என் மனைவி மலருடையது. புரட்டாசியில் அதிகாரிகள் வந்து எங்கள் லயத்துக்குப் பின்னால் மண்மேட்டில் விழுந்திருந்த வெடிப்பை அளந்தார்கள். லயத்தின் கடைசி அறையான எங்கள் தொங்கல் காம்பராவின் சுவரில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார்கள். மண் சரியக்கூடிய இடம், மழைக்கு முன் போய்விடுங்கள் என்றார்கள். எங்கே போவது என்று சொல்லவில்லை. தோட்டத்து வழக்கம் உங்களில் பலருக்குத் தெரியும்: தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்கிற குடும்பத்துக்குத்தான் காம்பரா. மலர் வேலையை விட்டுவிட்டு இறங்கினால் காம்பரா போகும். தோட்டத்திலேயே இருக்கிறவர்களுக்குக் கட்டித் தருவதாகச் சொல்கிற புது வீட்டில் எங்கள் பங்கும் போகும். இறங்காவிட்டால் மலை இறங்கும். வெலிமடையில் அவள் தங்கச்சி ஒரு வாடகை அறையில் இருக்கிறாள், அங்கே மரக்கறித் தோட்டங்களில் நாட்கூலி வேலை உண்டு. அதுவும் இல்லையென்றால், நான் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டால், பங்குனியில் மரக்கறி பொதி செய்யும் வேலைக்கு அவளையும் இங்கே எடுப்பார்கள் என்று என்னை அனுப்பிய பதுளை ஏஜென்ட் சொல்லியிருந்தார். அப்படியானால் சாதாரணதரப் பரீட்சை எழுத இருக்கும் எங்கள் மகள் தர்ஷினி யாரிடம் இருப்பாள்?

ஐப்பசி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மலர் ஃபோனில் கேட்டாள்.

"என்னாங்க, எங்க போறதுன்னு சொல்லுங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா சாமானக் கட்டிருவேன்."

"யோசிச்சு சொல்றேன் மலரு."

இரண்டு வாரம் கழித்து, இன்னொரு ஞாயிறு. "பின்னால வெடிப்புல இப்ப என் கை முழுசா போகுதுங்க. எங்க போறது?"

"இந்த வாரம் மட்டும் பொறு. ஏஜென்ட் என்ன சொல்றாருன்னு பாத்துட்டு சொல்றேன்."

"ஆமா, ஏஜென்டுக்குத்தான் எங்க வீட்டு மண்ணு தெரியும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நான் ஏன் அப்படி இழுத்தேன்? பயம் ஒரு பக்கம். எந்த ஊரின் பெயரைச் சொன்னாலும் அதன் பிறகு நடப்பதெல்லாம் நான் சொன்னதால் நடந்ததாகிவிடும். இன்னொரு பக்கம், உடனே பதில் சொல்லாமல் இருப்பது எனக்குச் சின்ன வயதிலேயே பழகிய காரியம். அதற்கு ஒரு காரணம் உண்டு.

தேயிலை நிற்கும் ஒவ்வொரு பகுதியையும் நாங்கள் மலை என்றுதான் சொல்வோம். மலையில் பனி மூடிவிட்டால் பக்கத்து நிரையில் நிற்பவள்கூடத் தெரியமாட்டாள். அப்போது யாராவது கூப்பிட்டால் முதல் கூப்பாட்டுக்குப் பதில் சொல்லக்கூடாது. இரண்டாவதுக்கும் கூடாது. உயிரோடு இருக்கிறவர்களுக்கு மூன்று முறை கூப்பிடுகிற பொறுமை உண்டு. மற்றதற்கு இரண்டுக்கு மேல் வராது. எங்கள் கங்காணிகூட மூன்று முறை கூப்பிட்டுவிட்டுத்தான் ஏசத் தொடங்குவார். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, எங்கள் லயத்துப் பேச்சி அக்கா முதல் கூப்பாட்டுக்கே "வாறேன்" என்று சொல்லிவிட்டாள். பக்கத்தில் நின்ற பெண்கள் அவள் "வாறேன்" என்றதைத்தான் கேட்டார்கள். கூப்பிட்ட குரலை ஒருத்தியும் கேட்கவில்லை. பனி விலகியபோது அவளுடைய கூடை நிரையில் நிமிர்ந்து நின்றது, ஒரு கொழுந்து சிந்தாமல். அவளை மறுநாள் கீழே பாறைக்கடியிலிருந்து எடுத்தார்கள். கால் வழுக்கியிருக்கும் என்றார் தோட்டத்து டாக்டர். வழுக்கி விழுகிறவள் கூடையை இறக்கி வைத்துவிட்டா விழுவாள் என்று பெண்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். இதையெல்லாம் நீ நம்புகிறாயா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் நம்பாவிட்டாலும் என் நாக்கு நம்புகிறது.

ஐப்பசிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. பனி வழக்கத்தைவிடக் கெட்டியாக இருந்தது. குனிந்தால் என் சப்பாத்து தெரியவில்லை. எங்கள் மேற்பார்வையாளர் ஃப்ளோரின் நல்ல மனிதர். யோகராஜ் என்ற என் பெயரை யோகா என்று சுருக்கி வைத்திருக்கிறார். அந்தப் பெயர்க்காரனுக்கு எப்படி முதுகு வலிக்கும் என்பது அவருக்கு விளங்குவதேயில்லை. காலை எட்டு மணிக்கு ஆட்களை வேறு வயலுக்கு மாற்ற வேண்டியிருந்ததால், டிராக்டர் பக்கத்தில் நின்று ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டார். கூப்பிட்டால் "அயிச்" என்று குரல் கொடுக்க வேண்டும். அவர்கள் பாஷையில் அதற்கு 'இங்கே' என்று அர்த்தம். பனிக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக அயிச், அயிச் என்று கேட்டது. பிறகு "யோகா". நான் நிமிர்ந்தேன். வாய் திறக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு கூப்பாடு. அது எனக்குப் பின்னாலிருந்து வந்தது, டிராக்டர் இல்லாத பக்கத்திலிருந்து. லீக்ஸ் வேரை நறுக்கும் கத்தியைப் பிடித்தபடி மூன்றாவதுக்காகக் காத்து நின்றேன்.

மூன்றாவது வரவில்லை. டிராக்டர் கிளம்பும் சத்தம் கேட்டது, தேய்ந்தது, நின்றது. வயலின் ஓரத்தைத் தேடி நிரையோடு நடந்தேன். எங்கள் மலையில் வழி தப்பினால் கால் சொல்லும், இது ஏற்றம், இது இறக்கம் என்று. இங்கே மண் எல்லாப் பக்கமும் ஒரே மட்டம். நடப்பதும் நிற்பதும் ஒன்றுபோல இருந்தது. எவ்வளவு நேரமோ தெரியாது. முன்னால் ஏதோ ஒன்று நிற்பது தெரிந்து கிட்டே போனேன். நான் காலையில் நிரப்பிய பெட்டி. நிரையில் நிமிர்ந்து நின்றது, ஒரு லீக்ஸ் சிந்தாமல். பேச்சி அக்காவின் கூடை ஞாபகத்துக்கு வந்தது. பெட்டி இங்கே இருக்கிறது, அப்படியானால் அதை நிரப்பியவன் எங்கே என்று ஒரு கணம் எனக்கே தெரியவில்லை.

பத்தரைக்குப் பனி விலக, கொட்டகையைப் பார்த்து நடந்தேன். அங்கே எல்லாரும் என்னைப் பார்த்த பார்வையில் நான் செத்துப் பிழைத்தவன் மாதிரி இருந்தேன். நிமல்தான் முதலில் வாய் திறந்தான்.

"அண்ணே, நீங்க இத்தாலிக்கு ஓடினதுன்னு சொன்னாங்க. இவ்வளவு கெதியா திரும்பி வந்தது எப்படி?"

விஷயம் விளங்கியது. நான் பதில் சொல்லாததால் ஃப்ளோரின் முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். முதலாளி பதுளை ஏஜென்டுக்குச் சொல்லியிருக்கிறார். ஏஜென்ட் மலருக்கே சொல்லிவிட்டார், உங்கள் ஆள் ஓடிவிட்டார் என்று. ஏன் பதில் தரவில்லை என்று ஃப்ளோரின் கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில், நீங்கள் இரண்டு முறைதானே கூப்பிட்டீர்கள் என்றேன்.

"மூன்று முறை கூப்பிட நீ என்ன மந்திரியா?"

நிமல் எனக்கு உதவ வந்தான். கையை ஆட்டி, கண்ணை உருட்டி, எங்கள் மலையில் யார் யார் கூப்பிடுவார்கள் என்பதையெல்லாம் தனக்குத் தெரிந்த ருமேனிய பாஷையில் எடுத்து விட்டான். சிரிக்கப் போகிறார்கள் என்று நான் தலையைக் குனிந்தேன். ஃப்ளோரின் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு நெஞ்சில் சிலுவைக்குறி போட்டார், மூன்று முறை.

"யோகா," என்றார் மெதுவாக, "நான் உன்னை ஒரு முறைதான் கூப்பிட்டேன்."

மலருக்கு எடுத்தேன். அன்று முழுவதும் கிடைக்கவில்லை. புதன்கிழமை பகல் சாப்பாட்டு நேரத்தில்தான் அவள் குரல் வந்தது. பின்னால் பஸ் ஹோர்ன் சத்தம், ஆட்கள் விலை பேசும் சத்தம். லயத்துச் சத்தமில்லை அது.

"எங்க நிக்கிற மலரு?"

"நீங்க எங்க நிக்கிறீங்க? அதச் சொல்லுங்க மொதல்ல. ஏஜென்ட்காரரு ஓடிட்டாருன்னு சொன்னாரு. இவருக்கு ஓடத் தெரிஞ்சா என்னயக் கட்டிக்கிறதுக்கு முன்னாடியே ஓடியிருப்பாரே, நல்லா தேடிப் பாருங்கன்னு சொன்னேன்."

நடந்ததைச் சொன்னேன், இரண்டாவது கூப்பாட்டையும் சேர்த்து.

"எட்டு மணின்னா நமக்கு எத்தன மணி?"

"பதினொன்னரை."

"நேத்து பதினொன்னரைக்கு நாங்க மேல் மலையில நின்னோம். பனி மூடிருச்சு. வெடிப்புப் பக்கமா கல்லு ரெண்டு உருண்டு போற சத்தம் கேட்டிச்சு. எனக்கு என்னமோ ஆயிருச்சு. 'என்னாங்க'ன்னு கூப்பிட்டேன், ஒங்களத்தான். பக்கத்து நெரையில நின்ன ராஜமணி அக்கா, ருமேனியாவுக்குக் கேக்குற மாதிரி கத்துறாளேன்னு சிரிச்சிச்சு."

"ஏன் மலரு ஒரு தடவையோட நிறுத்துன? நான் மூணாவதுக்குத்தான் நின்னேன்."

"ரெண்டு ஞாயித்துக்கெழம கேட்டேன்ல. அதோட சேத்து மூணு." அவள் குரலில் கோபமில்லை. "மூணு தடவ கூப்பிட்டாச்சுங்க. பதில் வரல. பேர வெட்டச் சொல்லிட்டு, காம்பராவப் பூட்டிட்டு, தர்ஷினியக் கூட்டிக்கிட்டு வெலிமடைக்கு எறங்கிட்டேன். நாளைக்கு லீக்ஸ் தோட்டத்துக்கு வரச் சொல்லியிருக்காங்க. நீங்க அந்தக் கையெழுத்தப் போடுறதுன்னா போடுங்க. பங்குனிக்கு நான் வாறேனா இல்லையான்னு பரீட்ச முடியட்டும், அப்ப நான் சொல்றேன்."

கையெழுத்துப் போட்டுவிட்டேன். இப்போது அவள் வெலிமடையில் லீக்ஸ் பிடுங்குகிறாள், நான் இங்கே பிடுங்குகிறேன். இரண்டு நாட்டில் இரண்டு பேருடைய கையில் ஒரே மணம். மழை வந்தது, மலை இன்னும் வரவில்லை. பூட்டிய காம்பரா சிவப்புக் கோட்டோடு அப்படியே நிற்கிறதாம். அங்கேயே இருந்துவிட்ட ராஜமணி அக்கா போன வாரம் ஃபோனில் மலரிடம் ஒன்று சொல்லியிருக்கிறாள். காலையில் நல்ல பனியாம். பழக்க தோஷத்தில் எங்கள் வாசலைக் கடக்கும்போது "மலரு, பெரட்டுக்கு நேரமாச்சு" என்று, வேலைக்குப் பெயர் கொடுக்கப் போகக் கூப்பிடுகிற மாதிரி, குரல் கொடுத்துவிட்டாளாம். உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல் "வாறேன்" என்றதாம்.

"ஒங்க கொரலு மாதிரியே இருந்துச்சாம்" என்று மலர் சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"எத்தன தடவ கூப்பிட்டாங்க?"

"ஒரு தடவதான்."

ஃப்ளோரின் இப்போதெல்லாம் என்னை மட்டும் மூன்று முறை கூப்பிடுகிறார். மற்றவர்கள் கேலி செய்கிறார்கள். அவர் கேலி செய்வதில்லை. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. தினமும் அதற்குள் நிற்கிறேன், ஏற்றமும் இறக்கமும் இல்லாத மண்ணில், மணமில்லாத பனியில். பிறகு "அயிச்" என்கிறேன். இங்கே. சொல்லிவிட்டுக் காதைக் கொடுத்தபடி அப்படியே நிற்கிறேன், முதல் கூப்பாட்டுக்கே எவனாவது என் குரலில் பதில் சொல்லி முடித்துவிட்டானா என்று.