ஓநாயின் இடது காது

வெண்கலத்தில் காட்டு விலங்குகள் செய்வது என் தொழில். பெங்களூரில் ஓநாய்க்கு எங்கே போவேன்? எங்கள் வீட்டு நாயைப் பார்த்துத்தான் மெழுகில் செய்தேன். தெருச்சண்டையில் கிழிந்த அதன் இடது காதையும் அப்படியே வைத்தேன். காட்டிலும் சண்டை உண்டுதானே.

வார்ப்புக்கு முந்தின வாரம் நாய் லாரியில் அடிபட்டுச் செத்தது. வார்ப்பு நடக்கும் அடுகோடிப் பட்டறைப் பக்கம் போக மனம் வரவில்லை. அங்கே மெழுகைச் சுற்றி மண் அச்சு கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் வெண்கலம் ஊற்றினார்கள்.

பிறகு போனபோது ஓநாய் பளபளவென்று நின்றது. வார்த்த சிலையை அராவி மெருகேற்றும் ராவுவேலைக்காரர், மெழுகு உருவத்தைப் பார்த்திராதவர், சொன்னார்: “காது ஓரத்துல மெட்டல் சரியா ஓடல சார். வெல்டு வெச்சு அடைச்சிட்டேன்.”

தடவிப் பார்த்தேன். கிழிசல் எங்கே இருந்ததென்று என் விரலுக்கே தெரியவில்லை.

“நல்லா பண்ணியிருக்கீங்க” என்றேன்.