இரண்டு மேரிசெல்விகள்

சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்து, பிழைக்க மாட்டாள் என்று எல்லாரும் கைவிட்ட பிறகும் மேரிசெல்வி பிழைத்தாள். சுரங்கத்தில் ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் நிலக்கரியைப் பதினைந்து வருஷம் அள்ளினாள். ஒரு விரலைக்கூடப் பறிகொடுக்கவில்லை. புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போன பிறகு, மகள் சோபியாவை ஒற்றை ஆளாக ஒன்பதாம் வகுப்பு வரை கொண்டுவந்தாள். இரண்டாயிரமாம் ஆண்டுக் கடைசியில், காண்ட்ராக்ட் ஆட்களில் நாற்பது பேரைப் பர்மனென்ட் ஆக்கும் பட்டியல் ஒட்டப்பட்டபோது, பதினொன்றாவதாக அவள் பெயர் இருந்தது.

அதை முதலில் பார்த்தவர் அண்ணன் கிறிஸ்துதாஸ். அவர்கள் குடியிருக்கும் பிளாக் முழுக்க வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் மறுபடி போய் நிதானமாகப் படித்தபோதுதான் கடைசி வரி கண்ணில் பட்டது. வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கக் கூடாது.

தங்கைக்கு முப்பத்திரண்டுதான். ஆனால் காகிதத்தில் அப்படி இல்லை.

அவளுக்கு நாலு வருஷம் முன்னால் ஒரு பெண் பிறந்து, ஒரு வயதில் தவறிப்போனது. அதன் பெயரையே அடுத்துப் பிறந்தவளுக்கும் வைத்தார்கள். பதினேழு வயதில் இவள் வேலைக்குப் போனபோது, பதினெட்டு முடிந்தால்தான் எடுப்பேன் என்றார் மேஸ்திரி. எட்டாவது படித்தவர், வீட்டுக் காகிதங்களையெல்லாம் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பாதுகாப்பவர் கிறிஸ்துதாஸ். மூத்ததின் ஞானஸ்நானச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு அது பெரிய சாமர்த்தியமாகத் தோன்றியது. தங்கையிடம் சொல்லவும் இல்லை.

பொங்கல் கழிந்த சனிக்கிழமை, அவளுடைய சொந்தச் சீட்டை வாங்க இருவரும் கடலூர் பங்குக் கோயிலுக்குப் போனார்கள். ஆபீசில் கேட்கிறார்கள் என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தார். பதினோரு மணிக்கே கைக்கு வந்துவிட்டது.

"கடலப் பாத்து எத்தினி வருஷமாவுது. போலாண்ணா" என்றாள்.

பழைய சீட்டு விஷயத்தை அங்கே வைத்துச் சொல்லிவிடலாம் என்று அவரும் நினைத்தார். மணலில் உட்கார்ந்து தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்தார். "செல்வி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தபோது பம்பைச் சத்தம் எழுந்தது.

குடியரசு தின விழாவுக்கு ஒத்திகை பார்க்கப் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். லுங்கியும் பனியனுமாக ஆடினார்கள். ஒருவன் இடுப்பில் பொய்க்கால் குதிரை. ஒரு பெண் தலையில் கரகம். அவர்களுக்குப் பின்னால் நீலமாய்க் கடல். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களும் இந்த இருவரும்தான் கூட்டம்.

கோமாளி வேஷக்காரன் நேரே இவர்களிடம் வந்தான். "யக்கா, சும்மாதான குந்திகினு இருக்க, வந்து ரெண்டு அடி போடு!"

"ஐயோ, எங்கண்ணன் திட்டும்."

"அவுரா? பரீச்சையில பெயிலான புள்ள மாரி மூஞ்ச வெச்சிகினு இருக்காரு. அவுரயும் இட்டுகினு வா!"

விழுந்து விழுந்து சிரித்தவள், முந்தானையைச் செருகிக்கொண்டு போய்விட்டாள். வாயில் துண்டு கட்டி, இமையெல்லாம் கரியாகத்தான் இத்தனை வருஷம் அவளைப் பார்த்திருந்தார். வெயிலில், ஈர மணலில், கரகக்காரிக்கு ஈடாக அவள் காலை மாற்றி மாற்றி வைத்தாள். இவளுக்கு ஆட வரும் என்று கூடப்பிறந்தவருக்கே தெரியாது.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். "இன்னா சொல்ல வந்தண்ணா?"

"ஒண்ணுமில்லமா. தயிர் புளிச்சிப்போச்சின்னு சொல்ல வந்தேன்."

ஒரு மாதம் கழித்து ஆபீசில் எழுத்தர் பரமசிவம் இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ஒரே பேரு, ஒரே அப்பா அம்மா. சேரும்போது குடுத்ததுதாங்க செல்லும்."

வேறு வழியில்லாமல், அவள் எதிரிலேயே கிறிஸ்துதாஸ் எல்லாவற்றையும் சொன்னார்.

மேரிசெல்வி இரண்டு சீட்டுகளையும் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு, "அப்ப இத்தினி வருஷமா செத்துப்போன பாப்பா பேருலயா வேல பாத்துகினு இருந்தேன்?" என்றாள்.

கிறிஸ்துதாஸ் காலியான பிளாஸ்டிக் உறையை மடிக்கத் தொடங்கினார்.

"வேலைக்கு எடுக்கணுமேன்னு செஞ்ச. அது வுடு. அன்னிக்கு நான் பைத்தியமாட்டம் ஆடிகினு இருந்தேனே, பாத்துகினு சும்மா இருந்தியே."

"நீ சிரிச்சிகினு இருந்தியேம்மா" என்றார்.

பட்டியலிலிருந்து பெயர் நீக்கிய கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வேண்டும் என்று, பரமசிவம் கைநாட்டுக்காக மை டப்பாவைத் திறந்து முன்னால் தள்ளினார். அவள் அதை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேனா கேட்டாள். சோபியா சொல்லிக்கொடுத்திருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் எழுதி முடித்தாள். கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போயிற்று. கீழே தேதி போட வேண்டும் என்றார் பரமசிவம். அதை மட்டும் கிறிஸ்துதாஸ் எழுதினார்: 19-2-2001.