ஜாக்கி மேல் நின்ற வீடு

ஊரப்பாக்கத்தில் நாங்கள் வீடு கட்டியபோது தெருவிலிருந்து படியேறித்தான் உள்ளே போக வேண்டும். அப்புறம் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டார்கள். அதன் மேல் இன்னொன்று. படிகள் ஒவ்வொன்றாகத் தாருக்கடியில் போயின. கடைசியில் தெருவிலிருந்து இறங்கி வீட்டுக்குள் போகிற நிலைமை. ரோடு போட்டவர்களுக்கு என்ன, அவர்கள் வீட்டுக்குள்ளா தண்ணீர் வரப்போகிறது?

ஐப்பசி பிறந்தால் அப்பாவுக்கு வேறு வேலையே ஓடாது. வாசலுக்குக் குறுக்கே செங்கல் வைத்துப் பூசுவார். மணல் மூட்டை அடுக்குவார். ஏரி நிரம்பினால், வாசலில் ஏறுவதற்கு முன்பே குளியலறை ஓட்டை வழியாகத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வரும். அதில் பழைய புடவையைச் சுருட்டித் திணிப்பார். "என் பொடவையெல்லாம் ஓட்டைக்கே போவுது, நான் இன்னாத்த கட்டுறது?" என்று அம்மா கட்டிலிலிருந்தே வம்புக்கு இழுப்பாள். பக்கவாதத்தில் அவளுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டிருந்தது. வாய் மட்டும் ஜோராக இருந்தது.

ஒரு வருஷம் மூட்டை, புடவை எதுவும் எடுபடவில்லை. கட்டில் வரை தண்ணீர் ஏறிவிட்டது. அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, தெருக்காரர்கள் ஆளுக்கொரு கால் பிடித்து, இடுப்பளவுத் தண்ணீரில் தூக்கிப் போனார்கள். நைட்டி நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, அத்தனை பேர் பார்க்க. நான் துண்டால் மூடிக்கொண்டே கூட நடந்தேன். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தண்ணீர் வடிந்து வீடு திரும்பியதும் அப்பாவிடம் சொன்னாள்: "இன்னொரு வாட்டி என்னை அப்பிடித் தூக்கினு போவாதீங்க. செத்தாலும் இந்த வூட்லயே சாவுறேன். இங்கருந்தே எடுத்துடுங்க."

அப்பா வீட்டையே தூக்கிவிடுவது என்று முடிவு செய்தார். எங்கள் பக்கம் இப்போது பலரும் செய்வதுதான். அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்டி, சுவருக்கடியில் இரும்புச் சட்டம் கொடுத்து, வரிசையாக ஜாக்கி வைத்து, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினால் மொத்த வீடும் மேலே வரும். பிறகு இடைவெளியில் செங்கல் கட்டிவிடுவார்கள். மழைக்கு முன்னால் முடித்துவிடலாம் என்றார் மேஸ்திரி. அதுவரை பக்கத்துத் தெருவில் வாடகைக்குப் போனோம்.

"சீக்கிரம் ஏத்தச் சொல்லுங்க. இந்த வூட்டு ஃபேன் சத்தத்துல தூக்கமே வரல" என்று அம்மா தினமும் அப்பாவைப் பிடுங்கினாள். அப்பா சாயந்திரம் வந்து, "இந்தாம்மா" என்று அவளைக் கூப்பிட்டு, வீடு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று தன் காலைத் தொட்டுக் காட்டுவார். முதலில் கணுக்கால். பிறகு முழங்கால். அவளுக்கு அதில் குழந்தை மாதிரி ஒரு சந்தோஷம்.

முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தபோது, ஒரு காலையில் அம்மா கண் விழிக்கவில்லை.

அழுது முடிப்பதற்குள் வாடகை வீட்டுக்காரர் வந்து நின்றார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். பாடிய இங்க வெக்க வாணாம். அப்பறம் யாரும் குடி வர மாட்டாங்க." வாடகை வீட்டுச் சாவு என்றால் இதுதான் நடக்கும் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் அந்த ஆளை அறைந்துவிடலாம் போலிருந்தது.

அப்பா மேஸ்திரியிடம் ஓடினார். "ஹால்ல கொஞ்ச நேரம் வெச்சிட்டு எடுத்துடறோம்பா. அவ வூடுப்பா அது."

மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "வூடு ஜாக்கி மேல நிக்குது சார். கூட்டம் ஏறுச்சுனா தாங்காது. நான் இன்னா சார் பண்றது?"

தெருவில்தான் வைத்தோம். பந்தல் போட்டு, ஐஸ் பெட்டியில், எங்கள் வாசலுக்கு நேரே. எதிரே வீடு அந்தரத்தில் நின்றது. அடியில் ஜாக்கிகளுக்கு நடுவே பின்பக்கத்து வெளிச்சம் தெரிந்தது. "அவ கேட்டது இது ஒண்ணுதான்" என்று வந்தவர்களிடமெல்லாம் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் படிகளை விழுங்கிய அந்த ரோட்டின் மேலிருந்தே அம்மாவை எடுத்தார்கள்.

அந்த வருஷமும் ஏரி நிரம்பியது. நாங்கள் புது உயரத்துக்குக் குடிவந்திருந்தோம். அப்பா மூட்டை அடுக்கவில்லை. அம்மாவின் புடவைகளை யாரையும் தொடவும் விடவில்லை. தெருத் தண்ணீர் புதுப் படிகளில் ஒவ்வொன்றாக ஏறி, மேல்படிக்குக் கீழே நின்றுவிட்டது. அப்பா வாசலில் நின்று வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பாமலே உள்பக்கம் குரல் கொடுத்தார்.

"இந்தாம்மா, தண்ணி நின்னுடுச்சு. உள்ள வரல."

கட்டில் இருந்த இடத்தில் நான்தான் நின்றுகொண்டிருந்தேன். "சரிப்பா" என்றேன்.