இத்தாலி கியருக்கு நான் செய்த வைத்தியம்

எனக்கு அப்போது பத்து வயது. ஓரிடத்தில் உட்கார மாட்டேன். அந்தக் கோடையில் சித்தப்பாவும் அப்படித்தான் இருந்தார். காரணம், அவர் சைக்கிளில் புதிதாக ஏறியிருந்த கியர்.

ஆம்பூரில் அப்பாவும் சித்தப்பாவும் வேலை செய்த தோல் தொழிற்சாலைக்கு மெஷின் பூட்ட ஓர் இத்தாலிக்காரர் வந்திருந்தார். அவருடைய பந்தய சைக்கிள் லாரியில் சிக்கி நசுங்கியது. மிஞ்சிய பின்சக்கரத்தையும் கியரையும் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு அவர் கப்பலேறினார். அதில் பொறித்திருந்த கம்பெனிப் பெயர் ஊரில் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. ஆனாலும் அதற்கு என்ன மரியாதை! சித்தப்பா பெடலைக் கையால் சுற்றிச் சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவவிடுவார். அதற்கே தெரு கைதட்டும்.

சைக்கிள் கடைக்காரருக்கு மட்டும் பொறுக்கவில்லை. வாணியம்பாடி போய்த் திரும்பும் பந்தயத்துக்குக் கூப்பிட்டார். “தோத்தா இத்தக் கழட்டிப் போட்டுட்றேன்” என்று சித்தப்பா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். என்னிடம் சொன்னது வேறு: “ஜெயிச்சா ஒனக்கு சைக்கிள் கத்துத் தர்றேன்.”

பெண்பிள்ளைக்கு எதற்கு சைக்கிள் என்று அம்மா முறைத்தாள். எனக்கோ அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. இனி பந்தயத்தன்றுதான் எடுப்பது என்று சித்தப்பா சைக்கிளைத் துடைத்துச் சாக்கு போட்டு மூடியிருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். எங்கள் வீட்டில் விறைத்துப்போன செருப்போ வாரோ எதுவானாலும் ஒரே மருந்து, தோலுக்குப் பூசும் மீன் எண்ணெய். பந்தயத்துக்கு நாலு நாள் முன்பு, ஒரு மத்தியானம், கியரின் இண்டு இடுக்கெல்லாம் அதை ஊற்றினேன். தோலைக் குழைக்கும் எண்ணெய் இரும்பில் காய்ந்து பிசினாகும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

திரும்பும் வழி மேட்டில் கியர் அசையவே இல்லை. சித்தப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“இன்னாப்பா இத்தாலி! பேஜார் சாமான்!” என்றார் கடைக்காரர். கைதட்டிய அதே ஜனம் சிரித்தது. சித்தப்பா குனிந்து கியரைத் தொட்டார். விரல் மூக்கருகே போனது. வியர்வையைத் துடைக்கிறார் என்று நினைத்தேன்.

“ஆமாண்ணே, நம்ம ரோட்டுக்கு இது ஒத்து வரல” என்றார்.

அன்றே கழற்றித் துணியில் சுற்றிப் பெட்டியில் போட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சாதா சக்கரம் மாட்டிய அதே சைக்கிளில் எனக்குக் கற்றுக்கொடுத்தார். தோற்றதை மறந்துவிட்டார் என்று எனக்கு ஒரே குஷி.

போன மாதம் தம்பி மகன் அந்தப் பெட்டியைக் குடைந்தான். “இந்தக் கம்பெனி சாமானுக்கு இன்னிக்கு அலையறாங்க அத்தே! இத்தப் போய் மூட்டை கட்டி வச்சிருக்கீங்களே!” என்று துணியைப் பிரித்தான். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் மீன் வாடை குப்பென்று வந்தது.

தினமும் அந்த எண்ணெயில் முழங்கைவரை நனைந்தவர் சித்தப்பா. அந்த வாடை அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அவர் போய்ச் சேரும்வரை நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.