மூன்று தட்டு தட்டினால் பஜனை

எங்கள் கல்லூரி நாடகக் குழு அந்த வருஷம் எடுத்துக்கொண்டது காதலும் பாட்டும் சிரிப்புமான ஒரு நாடகம். கதாநாயகி ஆலங்குளத்துக்காரி. அவள் அப்பா போலீஸ் ஏட்டு. "பாடு, ஆடு, வேண்டாங்கல. எவனாவது கையப் பிடிச்சான்னு காதுல விழுந்துச்சோ, மறுநாளே காலேஜு கெடையாது" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். நாடகத்தின் உயிரோ, கையைப் பிடித்துக்கொண்டு பாடும் ஜோடிப் பாட்டு.

கல்லூரி இருக்கும் தென்காசியிலேயே ஒத்திகை பார்த்தால் யாராவது போட்டுக்கொடுத்துவிடுவார்கள். அதனால் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் ஹாலைப் பிடித்தோம். இரண்டாம் நாளே ஜன்னலுக்கு வெளியே ஒருவர் வந்து நின்றார். தலையில் துண்டு, உடம்பெல்லாம் எண்ணெய். அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. அப்புறம் எதற்கு இந்த எண்ணெய்?

"ஏட்டி, இது உங்கப்பா அனுப்புன மஃப்டி போலீசுதான்" என்றான் கதாநாயகன்.

"மீசையப் பாத்தா அப்படித்தான் தெரியுது" என்றாள் அவள், கையை உதறிக்கொண்டு.

நான் தபேலா. யாரிடமும் கற்றதில்லை, செல்போனைப் பார்த்துத் தட்டிப் பழகியவன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்ததால் காவலும் என் தலையில் விழுந்தது. துண்டு தெரிந்தால் மூன்று தட்டு. உடனே இருவரும் விலகிக் கைகூப்புவார்கள்; அதே மெட்டில் முருகன் பஜனை ஓடும்.

ஐந்தாம் நாள் அந்த ஆள் உள்ளேயே வந்துவிட்டார்.

"ஏம் தம்பி, நான் வந்தா மட்டும் சாமி பாட்டுக்குத் தாவிருதிய? குளிக்கத் தடைன்னு எங்கிட்ட எண்ணெய் தேய்க்க ஒரு ஆளும் வரல, நல்ல பாட்டாவது கேப்போம்னு வந்தா, என் மூஞ்சி என்ன கோயில் வாசலா?"

இப்படிப் பேசுகிற ஆளை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. டீ வாங்கிக் கொடுத்தோம். பாதி டீயில் அவளைப் பார்த்து, "பாப்பாக்கு எந்த ஊரு?" என்றார். அவ்வளவுதான், பழைய சந்தேகம் திரும்பியது. கடைசி நாள் வரை மூன்று தட்டை நாங்கள் விடவில்லை.

அரங்கேற்றத்தன்று ஜோடிப் பாட்டு பாதியில் இருந்தது. மூன்றாம் வரிசையில் அவள் அப்பா ஏட்டையா வந்து உட்கார்ந்தார். காக்கி இல்லை, வெள்ளைச் சட்டை. சத்தியமாகச் சொல்கிறேன், என் விரல் என்னைக் கேட்கவில்லை. மூன்று தட்டு விழுந்தது. பிடித்த கை பறந்தது, முருகன் வந்துவிட்டார். அரங்கமே கைதட்டிச் சிரித்தது. மேடையில் அவர்கள் இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

முடிந்ததும் ஏட்டையா மேடைக்குப் பின்னால் வந்தார். "பஜனை நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா சாமி பாட்டுல ரெண்டு பேருக்கும் என்னட்டி அப்படிச் சிரிப்பு?"

அவள் கண் என் தபேலா பக்கம் ஓடியது. அவர் என் விரல்களைப் பார்த்தார். "தம்பி, அந்த மூணு தட்டு எதுக்குலே?"

"தாளம் அண்ணாச்சி" என்றேன். ம் என்றார். நம்பின ம் இல்லை அது.

மறுநாள் முதல் வகுப்பு முழுக்க அவள் பெஞ்சு காலி. இரண்டாவது வகுப்புக்குத்தான் வந்தாள். "அப்பாதான் கொண்டாந்து விட்டாவ" என்றாள் மெதுவாக. எனக்கு மூச்சு வந்தது. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். வாசலில், சாரலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, பைக்கை விட்டு இறங்காமல் எங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார் ஏட்டையா.

பெஞ்சில் தட்டப் போன என் விரல்களை மடக்கிப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டேன்.